ரோட்டாக்ஸ் 912, 914 கியர்பாக்ஸ்: பரிசோதனையும் பராமரிப்பும் எப்படித் திட்டமிடுவது

சிறு விமானங்களில் பயன்படும் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் எஞ்சின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 5800 சுற்று ஓடும்போது புரொப்பெல்லர் ஏறத்தாழ 2390 சுற்றுதான் ஓடுகிறது. இடையில் இருப்பது 2.43:1 விகிதத்தில் வேகத்தைக் குறைக்கும் கியர்பாக்ஸ். 80 குதிரைத்திறன் கொண்ட 912 யூஎல்லில் இந்த விகிதம் பெரும்பாலும் 2.27:1. நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க்ஷாஃப்ட் ஒரு முறை சுற்றுவதற்குள் இரண்டு வெடிப்புகள் நிகழ்கின்றன. வெடிக்கும்போது கிராங்க் பாய்கிறது, அடுத்த வெடிப்புக்கு முன் தளர்கிறது. கனமான புரொப்பெல்லரோ ஒரே வேகத்தில் சுற்றப் பார்க்கிறது. இந்த இழுபறி முழுவதையும் தாங்குவது கியர் பற்களும், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் அதிர்வு தாங்கியும்தான்.

இதைப் புரிந்துகொண்டால் திட்டமிடுவது எளிது. கியர்பாக்ஸின் தேய்மானத்தைத் தீர்மானிப்பது பறந்த மணிநேரம் மட்டும் என்று எண்ண வேண்டாம். என்ன பெட்ரோல் ஊற்றினீர்கள், ஐடில் எவ்வளவு வைத்தீர்கள், ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் எப்படிப் பிடித்தது என்ற மூன்றும் அதே அளவு முக்கியம். ஆகவே நல்ல கியர்பாக்ஸ் திட்டத்தில் பாதி வேலை கார்புரேட்டரிலும் பேட்டரியிலும் நடக்கும்.

இங்கே சொல்வது 912, 914 நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு. 582 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களின் கியர்பாக்ஸில் ஆயில் தனியாக இருக்கும், அமைப்பே வேறு. 915 ஐஎஸ், 916 ஐஎஸ் எஞ்சின்களின் அளவுகளை அவற்றின் மேனுவலில்தான் பார்க்க வேண்டும். எந்த எஞ்சினாக இருந்தாலும் உங்கள் சீரியல் எண்ணுக்குப் பொருந்தும் நடப்பு மேனுவலும் சர்வீஸ் புல்லட்டின்களும் (தயாரிப்பாளர் வெளியிடும் பராமரிப்பு அறிவிப்புகள்) சொல்வதே இறுதி.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த கியர்பாக்ஸ் என்று பாருங்கள்

912 ஏ, எஃப், எஸ் என்ற சான்று பெற்ற வகைகளிலும் 914லும் ஓவர்லோட் கிளட்ச் உண்டு. யூஎல் வகைகளில் அது விருப்பப்பட்டால் சேர்ப்பது, இல்லாமலும் இருக்கலாம். பெயரைப் பார்த்து, காரில் இருப்பது போல எஞ்சினையும் புரொப்பெல்லரையும் பிரிக்கும் கிளட்ச் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். இது அப்படி அல்ல. புரொப்பெல்லர் தரையில் இடித்தால் கிராங்க்ஷாஃப்டுக்குப் போகும் அடியைக் குறைக்க, ஓர் அளவுக்கு மேல் வழுக்கிக் கொடுக்கும் ஏற்பாடு. சாதாரணப் பறப்பில் அது வழுக்கவே கூடாது.

கிளட்ச் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்துப் பரிசோதனை இடைவெளி மாறும், கீழே சொல்லும் உராய்வு முறுக்கு சோதனை பொருந்துமா என்பதும் மாறும். லாக்புக்கின் முதல் பக்கத்தில் எஞ்சின் எண், கியர்பாக்ஸ் எண், விகிதம், கிளட்ச் உண்டா, கவர்னர் (புரொப்பெல்லர் பிளேடின் கோணத்தை மாற்றுவது) அல்லது வேக்குவம் பம்ப் மாட்டியிருக்கிறதா என்று ஒரே இடத்தில் எழுதி வையுங்கள். பழைய எஞ்சின் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். முந்தைய உரிமையாளர் கியர்பாக்ஸை மாற்றியிருந்தால் எஞ்சினின் மணியும் கியர்பாக்ஸின் மணியும் ஒன்றாக இருக்காது.

இடைவெளியும் எரிபொருளும்

கிளட்ச் உள்ள கியர்பாக்ஸ், ஈயம் இல்லாத பெட்ரோலில் ஓடினால் கழற்றிப் பரிசோதிக்கும் இடைவெளி 1000 மணி. இயக்க நேரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் ஈயம் கலந்த விமானப் பெட்ரோலான ஏவ்காஸில் ஓடினால் அது 600 மணிக்கு இறங்குகிறது. கிளட்ச் இல்லாதவற்றுக்கு மேனுவலில் தனி வரி இருக்கும். உங்கள் பதிப்பில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்து அதையே எழுதிக்கொள்ளுங்கள்.

ஏவ்காஸ் ஏன் இவ்வளவு வித்தியாசம் செய்கிறது? இந்த எஞ்சினில் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில் கிடையாது. பிஸ்டனுக்கும் வால்வுக்கும் போகும் அதே ஆயில்தான் கியருக்கும் போகிறது. எரிந்த ஈயம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் கலந்து, சாம்பல் நிறக் களிம்பாகப் படிகிறது. ஆயில் டேங்கின் அடியில் படிந்தால் துடைத்துவிடலாம். கியர்பாக்ஸுக்குள் உராய்வுத் தட்டுகளுக்கும் டாக் கியரின் (மேடுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் கியர்) சரிவுகளுக்கும் நடுவே படிந்தால் அதிர்வு தாங்கி தாராளமாக அசைய முடியாமல் போகிறது.

30 சதவீதத்தை நினைவிலிருந்து சொல்ல முடியாது. ஒவ்வொரு முறை எரிபொருள் ஊற்றும்போதும் வகையையும் லிட்டரையும் எழுத ஒரு பத்தி ஒதுக்குங்கள். 100 மணி நேரத்தில் 1800 லிட்டர் எரிந்து, அதில் ஏவ்காஸ் 540 லிட்டரைத் தாண்டியிருந்தால் நீங்கள் 600 மணிக் கணக்கில் இருக்கிறீர்கள். தொலைதூரப் பயணங்களில் வேறு வழியில்லாமல் ஏவ்காஸ் ஊற்றுபவர்கள் இந்தக் கோட்டை அறியாமலே தாண்டிவிடுவது வழக்கம்.

ஏவ்காஸ் அதிகம் என்றால் ஆயில் மாற்றமும் நெருங்கிவிடுகிறது. 100 மணிக்கு ஒரு முறை என்பது 50க்கு வருகிறது. 25 மணிக்கு ஒரு முறை மாற்றினால் இன்னும் நல்லது, அதற்கு ஆகும் செலவு கியர்பாக்ஸைத் திறக்கும் செலவுக்குப் பக்கத்தில் கூட வராது. முழு சிந்தெடிக் ஆயில் ஈயத்தை நன்றாகத் தாங்கிப் பிடிக்காது என்பதால் ஏவ்காஸுக்கு செமி சிந்தெடிக் ஏற்றது. கியருக்கான சேர்க்கை உள்ள, ரோட்டாக்ஸ் ஒப்புக்கொண்ட ஆயிலாக இருக்க வேண்டும். கார்களுக்கான, உராய்வைக் குறைக்கும் சேர்க்கை கலந்த ஆயில் கிளட்சை வழுக்க வைக்கும். மேலே ஊற்றும் எந்தத் தனிச் சேர்க்கையும் வேண்டாம்.

இன்னொன்று நீர். ஒவ்வொரு பறக்கும் நாளிலும் ஒரு முறையாவது ஆயில் 100 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும், அப்போதுதான் உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். குளிர் காலத்தில் ஆயில் 75 டிகிரியிலேயே நின்றுவிடும் விமானங்களில் ரேடியேட்டரின் ஒரு பகுதியை மூடியோ தெர்மோஸ்டாட் வைத்தோ இதைச் சரிசெய்யுங்கள். ஈரமும் ஈயமும் சேர்ந்த களிம்பு பேரிங்குக்கும் கியர் பற்களுக்கும் நல்லதல்ல.

100 மணி: உராய்வு முறுக்கை அளத்தல்

கியர்பாக்ஸைத் திறக்காமலே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லும் ஒரே எண் இது. கிளட்ச் உள்ள கியர்பாக்ஸுக்கு மட்டும் பொருந்தும். கிராங்க்ஷாஃப்டை அசையாமல் பூட்டினாலும் புரொப்பெல்லரைக் கையால் 15 டிகிரி அல்லது 30 டிகிரி திருப்ப முடியும். உள்ளே இருக்கும் டாக் கியரின் வடிவத்தைப் பொறுத்து இரண்டில் ஒன்று. அந்தச் சிறு அசைவுக்குத் தேவைப்படும் முறுக்கு 25 முதல் 60 நியூட்டன் மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

தேவையானவை: எஞ்சினுக்கென்று உள்ள பூட்டுத் திருகு, அளவு சரிபார்க்கப்பட்ட ஸ்ப்ரிங் தராசு, மெத்தென்ற பட்டை, டேப், டார்ச். எஞ்சின் ஆறியிருக்கட்டும். இரண்டு இக்னிஷன் சுவிட்சும் அணைந்திருக்க, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், சக்கரங்களுக்கு அடைக்கட்டை வையுங்கள். இந்த இக்னிஷன் அணைவது கம்பி எர்த் ஆவதால்தான். கம்பி அறுந்திருந்தால் சுவிட்ச் அணைந்திருந்தும் தீப்பொறி வரக்கூடும். ஆகவே மேல் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிடுவது இரட்டிப்பு நன்மை: பாதுகாப்பு கிடைக்கிறது, கம்ப்ரெஷன் இல்லாததால் புரொப்பெல்லரும் லகுவாகச் சுற்றுகிறது.

கிராங்கேஸில் பூட்டுத் திருகுக்கான துளையை மூடியிருக்கும் பிளக்கைக் கழற்றுங்கள். 1, 2 சிலிண்டர்களின் பிஸ்டன்கள் மேல்முனைக்கு வரும்போது கிராங்கில் இருக்கும் பள்ளம் துளைக்கு நேராக வரும். புரொப்பெல்லரை ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றி, டார்ச் அடித்துப் பார்த்துப் பிடியுங்கள். தவறவிட்டால் பின்னோக்கித் திருப்ப வேண்டாம். 2.43 விகிதத்தில் இன்னொரு 148 டிகிரி முன்னால் சுற்றினால் பள்ளம் மறுபடி வரும், 2.27 விகிதத்தில் 158 டிகிரி. எதிர்த்திசையில் ஒரு முழுச் சுற்றுக்கு மேல் திருப்பினால் ஆயில் வழியில் காற்று நுழைந்து வால்வு லிஃப்டர்களுக்குப் போய்விடும்.

திருகைப் போட்டபின் பள்ளத்தில் உண்மையிலேயே உட்கார்ந்ததா என்று உறுதி செய்யுங்கள். கிராங்கின் பக்கவாட்டில் முட்டிக்கொண்டு நின்றால் பூட்டியது போலத் தோன்றும், இழுக்கும்போது நழுவி கிராங்கில் கீறல் விழும். திருகு முழு ஆழத்துக்கு இறங்க வேண்டும், புரொப்பெல்லரை அசைத்தால் அந்த 15 அல்லது 30 டிகிரியோடு நிற்க வேண்டும்.

இனி புரொப்பெல்லரை இரு பக்கமும் கையால் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். அசைவு முழுவதும் ஒரே சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் படிக்கட்டில் இறங்குவது போன்ற துள்ளலோ, அரைபடும் ஒலியோ வந்தால் எண் எதுவாக இருந்தாலும் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு மையத்திலிருந்து ஒரு தூரத்தை அளந்து பிளேடில் டேப் ஒட்டுங்கள். 60 சென்டிமீட்டர் வசதியானது. அங்கே பட்டையைச் சுற்றி, பிளேடுக்குச் செங்குத்தாகத் தராசால் இழுங்கள். மெல்லிய பின் விளிம்பில் கொக்கியை மாட்டாதீர்கள். அசைவு முழுவதும் ஒரே வேகத்தில் இழுத்து, நகர்ந்துகொண்டிருக்கும்போது தராசு காட்டுவதைப் படியுங்கள். முதல் வெட்டில் ஊசி எகிறும், அது கணக்கில்லை. மூன்று முறை இழுத்து சராசரி எடுங்கள்.

கணக்கு இதுதான்: நியூட்டனில் விசையை மீட்டரில் தூரத்தால் பெருக்க வேண்டும். தராசு கிலோவில் காட்டினால் முதலில் 9.81ஆல் பெருக்குங்கள். 60 சென்டிமீட்டரில் 7 கிலோ என்றால் 7 × 9.81 × 0.6 = 41 நியூட்டன் மீட்டர். அதே தூரத்தில் கீழ் வரம்பான 25 என்பது ஏறத்தாழ 4.25 கிலோ, மேல் வரம்பான 60 என்பது 10.2 கிலோ. இந்த இரண்டு எண்களையும் தராசின் மேல் ஒட்டி வைத்தால் களத்தில் கணக்குப் போட வேண்டியதில்லை. ஆனால் எப்போதும் அதே தூரத்தில்தான் இழுக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் பூட்டுத் திருகை எடுத்து, புது சீல் வாஷரோடு பிளக்கைப் போட்டு மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்குங்கள். பூட்டுத் திருகு உள்ளேயே இருக்க ஸ்டார்ட்டரை அழுத்தினால் கிராங்கும் கேஸும் சேதமாகும். திருகில் நீளமான சிவப்பு நாடா கட்டி, காக்பிட்டில் ஸ்டார்ட்டர் பொத்தான் மேலேயும் ஒரு குறிப்பை ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குவது நல்ல பழக்கம்.

25க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் அதிர்வு தாங்கியை அழுத்திப் பிடிக்கும் டிஸ்க் ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கிறது அல்லது உராயும் பாகங்கள் தேய்ந்திருக்கின்றன, ஐடிலில் கியர் தடதடக்கும். 60க்கு மேலே போனால் உள்ளே ஏதோ படிந்து ஒட்டுகிறது, அல்லது உராயும் பரப்புகள் பழுதாகியுள்ளன. இரண்டிலுமே கியர்பாக்ஸ் கழற்றப்பட்டாக வேண்டும். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்பதற்கு இடமில்லை.

வரம்புக்குள் இருக்கும் எண்களைத்தான் பலர் வீணாக்குகிறார்கள். "சரி" என்று மட்டும் எழுதிவிட்டு எண்ணை எழுதுவதில்லை. 600 மணியில் 48, 700இல் 46, 800இல் 39, 900இல் 31 என்று ஒரு கியர்பாக்ஸ் இறங்கி வந்தால் நான்குமே வரம்புக்குள்தான். ஆனால் அது 1000 மணி வரை தாங்காது என்று அந்த வரிசையே சொல்கிறது. எண்ணோடு இழுத்த தூரம், அன்றைய வெப்பநிலை, எந்தத் தராசு என்பதையும் எழுதுங்கள். தராசை மாற்றினால் வரிசை உடைந்துவிடும்.

மேக்னெட்டிக் பிளக்கும் ஃபில்டரும்

கிராங்கேஸில், 2ஆம் சிலிண்டருக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையில் காந்தம் பொருத்திய பிளக் இருக்கிறது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் அதைக் கழற்றி, துடைப்பதற்கு முன்பே ஒரு படம் எடுத்துவிடுங்கள். மசி போன்ற நுண்துகள் படலம் இயல்பு. 3 மில்லிமீட்டருக்குக் குறைவான சில இரும்புத் துணுக்குகளும், குறிப்பாகப் புது எஞ்சினில், பொறுத்துக்கொள்ளக்கூடியவை. அதைவிடப் பெரிய செதில், பளபளக்கும் தட்டையான துண்டு, குவியல் இவற்றில் எது வந்தாலும் விமானம் பறக்கக்கூடாது. காரணம் தெரிய வேண்டும். பிளக்கைத் திரும்பப் போடும்போது 25 நியூட்டன் மீட்டர்.

காந்தம் இரும்பை மட்டுமே பிடிக்கும். வெண்கலம், அலுமினியம் எல்லாம் ஃபில்டரில்தான் சிக்கும். ஃபில்டரை ஹேக்சா கொண்டு அறுக்காதீர்கள், அறுத்த தூளையே நோயாகப் படித்துவிடுவீர்கள். ஃபில்டர் வெட்டும் கருவியால் திறந்து, காகிதத்தை முழுதாக விரித்து, நல்ல வெளிச்சத்தில் மடிப்பு மடிப்பாகப் பாருங்கள். பின் காந்தத்தைக் காகிதத்தின் மேல் ஓட்டி இரும்பு எது, மற்றது எது என்று பிரியுங்கள். ஐயம் இருந்தால் ஆயில் சுற்றைக் கழுவி, புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு, எஞ்சினை ஓட்டி மறுபடி திறந்து பாருங்கள். பழைய எச்சமா, இப்போதும் தேய்கிறதா என்பதை இரண்டாவது ஃபில்டர் சொல்லிவிடும்.

புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, பரப்பைத் தொட்டதும் கையால் முக்கால் சுற்று இறுக்கினால் போதும். ஆயில் சுமார் 3 லிட்டர். அளவைப் பார்ப்பதற்கு முன் டேங்கில் களகளவென்ற ஒலி வரும் வரை புரொப்பெல்லரை ஓடும் திசையில் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சினுக்குள் தங்கிய ஆயில் கணக்கில் வராது. அளவுக்கோலின் இரு குறிகளுக்கும் இடையே 0.45 லிட்டர்.

அப்படியே முன்பக்கம் போய் புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஆயில் சீலையும் பாருங்கள். எஞ்சினை மூடும் கௌலிங்கின் உட்புறத்தில் விசிறியடித்த ஆயில் கோடுகள் இருந்தால் சீல் போய்க்கொண்டிருக்கிறது. சீல் வெறுமனே வயதால் போவதும் உண்டு. ஷாஃப்ட் பேரிங் ஆடுவதால் போவதும் உண்டு. புது சீல் போட்டும் விரைவில் மறுபடி கசிந்தால் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

கியரைக் கெடுக்கும் காரணங்கள் கியர்பாக்ஸுக்கு வெளியே

ஐடில். 1400 சுற்றுக்குக் கீழே இந்த எஞ்சின் ஓடவே கூடாது. 1400இலும் பல விமானங்களில் கியர் கடகடவென்று அடிப்பது காதில் விழும். அந்த ஒலிதான் பற்கள் ஒன்றையொன்று முன்னும் பின்னும் அடித்துக்கொள்வது. தரையில் நிற்கும்போது 1700, 1800 என்று வைத்தால் பெரும்பாலும் அது அடங்கிவிடும். தரையிறங்கும்போது விமானம் மிதந்துகொண்டே போகிறது என்பதற்காக ஐடிலைக் குறைப்பவர்கள் அதன் விலையைக் கியரில் கொடுக்கிறார்கள்.

கார்புரேட்டர் சமநிலை. இரண்டு பிங் கார்புரேட்டர்களும் ஆளுக்கு இரண்டு சிலிண்டரைப் பார்த்துக்கொள்கின்றன. ஒன்று கொஞ்சம் கூடுதலாகத் திறந்தால் ஒரு பக்கம் தள்ளும், மறுபக்கம் இழுக்கும். ஐடிலில் இது மிக மோசம், ஏனென்றால் திறப்பே அங்கு மிகச் சிறியது. 100 மணிக்கு ஒரு முறை, கேபிளையோ கார்புரேட்டரையோ தொட்ட ஒவ்வொரு முறையும், வேக்குவம் கேஜ் இரண்டை மாட்டி சமன் செய்யுங்கள். முதலில் இரு கேபிள்களும் ஒரே நேரத்தில் லீவரைத் தூக்குகின்றனவா என்று பார்த்து, பின் சூடான எஞ்சினில் ஐடிலிலும், அதற்கு மேல் 2500 அளவிலும் பாருங்கள். கேஜ் எவ்வளவு திருகியும் சமன் ஆகவில்லை என்றால் கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் ரப்பர் ஃபிளாஞ்சில் விரிசல் தேடுங்கள். அந்த ரப்பர்களுக்கு ஐந்து ஆண்டுதான் ஆயுள். 912 ஐஎஸ்ஸில் கார்புரேட்டர் இல்லை, ஐடில் எச்சரிக்கை மட்டும் பொருந்தும்.

ஸ்டார்ட். இக்னிஷன் பற்றவைக்க எஞ்சின் ஏறத்தாழ 220 சுற்றைத் தொட வேண்டும். சோர்ந்த பேட்டரி அந்த எல்லையில் தடவித் தடவிச் சுற்றும்போது பிஸ்டன் மேல்முனையைத் தாண்ட முடியாமல் பின்னோக்கி உதைக்கும். அந்த உதை நேராகக் கியருக்கும் கிளட்சுக்கும் போகிறது. ஸ்டார்ட் செய்யும்போது டங்கென்று ஒரு சத்தம் கேட்பது வழக்கமாகிவிட்டால் கியர்பாக்ஸைக் குறை சொல்வதற்கு முன் பேட்டரியின் வோல்டேஜ், எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் இடையிலான எர்த் கேபிள், ஸ்டார்ட்டர் முனைகள் ஆகியவற்றைப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் சோக் இழுத்திருக்கும்போது த்ராட்டில் முழுக்க மூடியிருக்க வேண்டும். திறந்தால் சோக் வேலை செய்யாது, எஞ்சின் பிடிக்காமல் உதைத்துக்கொண்டே இருக்கும். பிடித்தபின் 2000இல் இரண்டு நிமிடம், பிறகு ஆயில் 50 டிகிரி வரும் வரை 2500.

புரொப்பெல்லர். இந்த கியர்பாக்ஸ் ஏற்கும் நிலைமத் திருப்புத்திறன் (சுழலும் வேகத்தை மாற்றுவதற்குப் புரொப்பெல்லர் காட்டும் எதிர்ப்பின் அளவு) 1500 முதல் 6000 கிலோகிராம் சதுர சென்டிமீட்டர் வரை. கனமான புரொப்பெல்லருக்கு மாறும் முன் தயாரிப்பாளரிடம் இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள், எடையை மட்டும் கேட்டால் போதாது. 6000க்கு மேலே போனால் ஒவ்வொரு ஸ்டார்ட்டும் நிறுத்தமும் கியருக்கு அடி. வரம்புக்குள் இருந்தாலும் பேலன்ஸ் கெட்ட புரொப்பெல்லர் ஷாஃப்ட் பேரிங்கைத் தின்றுவிடும். பிளேடுகளின் கோணம் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று 100 மணி வேலையிலேயே சேர்த்துப் பாருங்கள், டைனமிக் பேலன்ஸ் வசதி கிடைத்தால் விடாதீர்கள்.

பட்டறைக்கு அனுப்பும் தேதியைக் குறிப்பது

மேனுவல் இடைவெளிகளுக்கு 10 மணி முன்பின் சலுகை உண்டு, ஆனால் சலுகை சேர்ந்துகொண்டே போகாது. 100 மணி வேலையை 110இல் செய்தால் அடுத்தது 200இல்தான், 210இல் அல்ல.

எஞ்சின் 880 மணியில் இருக்கிறது, ஈயமில்லாத பெட்ரோல், ஆண்டுக்கு 150 மணி பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 120 மணி, அதாவது ஒன்பது பத்து மாதம். 900 மணி வேலையின்போது உராய்வு முறுக்கை அளந்து, முந்தைய எண்களோடு வைத்துப் பார்த்து, அன்றைக்கே பட்டறையில் இடம் பதிவு செய்ய வேண்டும். உராயும் தட்டுகளும் பேரிங்கும் கையிருப்பில் இல்லாமல் வாரக்கணக்கில் காத்திருப்பது சகஜம், பறக்கும் பருவத்தின் நடுவே அது நடந்தால் வலிக்கும். அதே ஆண்டில் ஐந்தாண்டு ரப்பர் மாற்றமும் வருமானால் இரண்டையும் சேர்த்து வையுங்கள். புரொப்பெல்லர், கௌலிங், ஆயில் எல்லாம் எப்படியும் இறங்கப் போகின்றன. எஞ்சினின் முழுப் பழுதுபார்ப்பு 2000 மணி அல்லது 15 ஆண்டு என்றிருக்கும் வகையில், 15 ஆண்டு முடிய ஓராண்டே இருக்கும்போது கியர்பாக்ஸ் முறை வந்தால், இரண்டையும் ஒன்றாக முடிக்க முடியுமா என்று பட்டறையிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

கியர்பாக்ஸைக் கழற்றிப் பிரிப்பது கனரகப் பராமரிப்பு வேலை. அதற்கான பயிற்சியும் இழுப்பான்களும் இல்லாதவர்கள் தொட வேண்டாம். உள்ளே டிஸ்க் ஸ்ப்ரிங்கின் முன் அழுத்தத்தை ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அந்த அளவு தவறினால் புது பாகங்கள் போட்டும் உராய்வு முறுக்கு வராது.

பட்டறைக்குக் கியர்பாக்ஸோடு ஒரு தாளையும் அனுப்புங்கள்: எஞ்சின், கியர்பாக்ஸ் எண்கள், மணி, எரிபொருள் விகிதம், ஆயிலின் பெயர், புரொப்பெல்லர் வகையும் நிலைமத் திருப்புத்திறனும், இதுவரை அளந்த எல்லா உராய்வு முறுக்கு எண்களும், பிளக்கின் படங்களும், புரொப்பெல்லர் எப்போதாவது எதிலாவது இடித்ததா என்பதும். கடைசியானதை மறைக்கவே கூடாது. திரும்பி வரும்போது அவர்கள் அளந்த அளவுகளை எழுத்தில் கேளுங்கள்: பற்களின் நிலை, டாக் கியரின் தேய்மானம், ஸ்ப்ரிங், பேரிங், புது உராய்வு முறுக்கு. மாற்றிய பாகங்களையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். டாக் சரிவில் ஒரு பக்கம் மட்டும் அடிபட்டிருந்தால் ஐடிலையோ ஸ்டார்ட்டையோ சரிசெய்யும் வேலை உங்கள் பக்கம் பாக்கி இருக்கிறது.

மாட்டியபின் உராய்வு முறுக்கை நீங்களே உங்கள் தராசால் ஒரு முறை அளந்து எழுதுங்கள், அடுத்த வரிசையின் முதல் எண் அதுதான். புரொப்பெல்லர் போல்ட்டுகளின் டார்க்கைப் புரொப்பெல்லர் தயாரிப்பாளரின் தாளிலிருந்து எடுக்க வேண்டும், எஞ்சின் மேனுவலிலிருந்து அல்ல. ஆயில் வழி திறக்கப்பட்டதால் காற்று நீக்கும் முறையை முழுமையாகச் செய்த பிறகே ஸ்டார்ட். தரை ஓட்டத்துக்குப் பின் கியர்பாக்ஸ் சேரும் விளிம்பிலும் சீலிலும் கசிவு பாருங்கள், பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். முதல் 25 மணியில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுவது நல்லது.

புரொப்பெல்லர் இடித்தால்

மேலே சொன்ன எந்தக் கணக்கும் அப்போது செல்லாது. பிளேடு மட்டும்தான் உடைந்தது, எஞ்சின் நிற்கவில்லை, கிளட்ச் காப்பாற்றியிருக்கும் என்ற வாதங்களை ஏற்காதீர்கள். கிளட்ச் அடியைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. இடித்த நேரத்தில் எஞ்சின் என்ன வேகத்தில் ஓடியது, திடீரென்று நின்றதா என்று உடனே எழுதி வையுங்கள். மேனுவலில் இதற்கென்று தனிப் பகுதி இருக்கிறது: கியர்பாக்ஸ் பரிசோதனையோடு கிராங்க்ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்ப்பதும் அதில் அடங்கும். அது முடிந்து கையெழுத்தாகும் வரை எஞ்சினைத் தரையில்கூட ஓட்டிப் பார்க்க வேண்டாம்.